மரத்தின் தலை

உத்தியோகத்திற் சேர்ந்த புதிதில், 1970களிலே, ஹோட்டன் சமவெளியில் மரங்களை அளக்குங் கடமை எனக்கு வாய்த்தது. அடிமரத்தை நாடாவால் அளப்பேன்; கோடரி படவில்லையெனின் ‘நலம்’ என்று ஏட்டிற் பதிவேன். ஏறக்குறைய 7,000 அடி உயரத்திலே, சிங்களத்திற் ‘கீன’ எனப்படும் மரங்கள் சிலவற்றின் உச்சிக்கிளைகள் வெறுங் குச்சிகளாய் நின்றன. காற்றின் வேலையென எண்ணி அதனை எழுதாது விட்டேன். சில ஆண்டுகளின் பின் சென்றபோது என் ‘நலம்’ பட்டமரமாய் நின்றது!

அடிமரம் கடந்தகாலத்தைச் சொல்லும். இன்றைய நிலையைத் தலையே சொல்லும். வேர் நீரின்றி வாடினால் முதலில் மெலிவது முடியன்றோ? 1985இல் ஐரோப்பிய நாடுகள் தொடங்கிய வனக் கண்காணிப்பில், இலையிழப்பை 5 வீதப் படிகளாக மதிப்பிடுகின்றனர்; 25 வீதத்தை விஞ்சினால் சேதமுற்ற மரம். அயல்மரத்தின் நிழலால் இலை குன்றிய கீழ்க்கிளைகளைக் கணக்கிற் கொள்ளார். அந்நுட்பம் எனக்கு வெகு பிந்தியே தெரிந்தது. வறட்சியோ, மண்ணோ, பூஞ்சணமோ, அச்சமவெளி மரங்கள் படுவதன் காரணம் பற்றி ஆய்வாளர் ஒருமனப்படவில்லை. நான் அன்று குறித்துவைத்திருந்தால் அவர்களுக்கு ஓர் ஏடேனும் உதவியிருக்கும்.

விழாவுக்கு வந்தபொழுது, கல்லூரி முற்றத்து வேம்பின் கீழ் நெடுநேரம் அண்ணாந்து நின்றேன். மாணவர் சிலர் நகைத்தனர். இலையிழப்பு 10 வீதத்திற்கு மேலில்லை.