யாரோ கட்டிய கார்

கதவு கிடையாது. கூரை என்று சொல்லிக்கொள்ள ஒரு துணி உண்டு. அதை இழுத்து மாட்டி முடிப்பதற்குள் மழையே நின்றுவிடும். பாட்டு கேட்க வசதியில்லை, இருந்தாலும் காதில் விழாது. முன்சக்கரங்கள் இரண்டும் உடம்பை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அவை மேடு பள்ளத்தில் ஏறி இறங்குவதை ஓட்டுகிறவர் தன் கண்ணாலேயே பார்க்கலாம். எடை 500, 550 கிலோ. நம் மாருதி 800 சுமார் 650 கிலோ இருந்தது. அதைவிட நூறு கிலோ குறைந்த வண்டியில் 120 குதிரைத்திறன் இன்ஜினை வைத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட வேண்டியதில்லை, பக்கத்து இருக்கையில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது அப்படித்தான்.

இங்கிலாந்தில் இந்த வகைக்கெல்லாம் மூலம், 1957-ல் காலின் சாப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவன். அந்தக் காலத்தில் முழுக் காராக வாங்கினால் அரசாங்கத்துக்குக் கொள்முதல் வரி கட்ட வேண்டும். உதிரி பாகங்களாக வாங்கி வீட்டில் கட்டிக்கொண்டால் வரி இல்லை. ஆனால் எப்படிக் கட்டுவது என்ற குறிப்பு மட்டும் கூடவே வரக்கூடாது. சாப்மன் காரைப் பிரிப்பது எப்படி என்று அச்சடித்துக் கொடுத்தார், வாங்கியவர்கள் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக் கட்டினார்கள் என்று இங்கே ஒரு கதை உலவுகிறது. 1973 ஏப்ரலில் மதிப்புக் கூட்டு வரி வந்து அந்த ஓட்டையை அடைத்தது. அதே ஆண்டில் லோட்டஸிடமிருந்து செவனின் உரிமையை வாங்கிக்கொண்டார், அதுவரை அதை விற்றுக்கொண்டிருந்த கேட்டர்ஹாம் கடையின் கிரஹாம் நியர்ன். வரிச் சலுகை போயும் வீட்டில் கட்டும் பழக்கம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி மக்களிடமிருந்து தப்பிக்க அது நல்ல சாக்கு என்பது என் சந்தேகம்.

எண்பதுகளில் வெஸ்ட்ஃபீல்டு வந்தது. ஜாடை மிகவும் ஒத்துப்போனதால் கேட்டர்ஹாம் வழக்குப் போட்டு, கடைசியில் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆனது. 1996-ல் ரான் சாம்பியன் என்பவர் ஒரு புத்தகம் போட்டார். 250 பவுண்டில் நீங்களே ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று அதன் தலைப்பே சொன்னது. சதுரக் குழாயை வெட்டி வெல்டிங் செய்து சட்டம், பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டிலிருந்து இன்ஜினும் அச்சும். 250 பவுண்டுக்குள் முடித்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். ஆனால் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஊர் ஊராகக் கொட்டகைகளில் கட்டினார்கள். இவற்றுக்கு லோகாஸ்ட் என்றே பெயர் வந்தது.

ஆகவே இன்று பழைய வண்டி தேடுகிறவருக்குப் பத்தடி தள்ளி நின்று பார்த்தால் எல்லாம் ஒரே முகம். சில ஆயிரம் பவுண்டுக்கும் கிடைக்கிறது, அதன் பல மடங்குக்கும் கிடைக்கிறது. நான் முதலில் கம்பெனிப் பெயரை வைத்துத்தான் அலசிக்கொண்டிருந்தேன். கோவென்ட்ரி பக்கம் கராஜ் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர் எனக்குப் பழக்கம். என் பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு மடித்து என்னிடமே கொடுத்தார். “தம்பி, உது வெஸ்ட்ஃபீல்டோ கேட்டர்ஹாமோ எண்டு பாக்கிறதை விடும். கட்டின மனுசன் ஆரெண்டு பாரும்.”

இதில் விஷயம் இருக்கிறது. சாதாரணப் பழைய கார் வாங்கும்போது நாம் ஒரு தொழிற்சாலையை நம்புகிறோம். முன்னால் ஓட்டியவர் எப்படி வைத்திருந்தார் என்பது மட்டும்தான் கேள்வி. இங்கே பிரேக் குழாயை வளைத்தவரும், ஸ்டீயரிங் மூட்டை முறுக்கியவரும், சீட் பெல்ட்டுக்குத் துளை போட்டவரும் யாரோ ஒரு ஆள். கணக்காளராக இருக்கலாம், பல் டாக்டராக இருக்கலாம். இரண்டு குளிர்காலம் பொறுமையாக வேலை செய்தவராகவும் இருக்கலாம். கோடைக்குள் ஓட்டிவிட வேண்டும் என்று அவசரப்பட்டவராகவும் இருக்கலாம்.

முதலில் பார்க்கப் போனது ஒரு சிவப்பு லோகாஸ்ட். பெயிண்டில் முகம் பார்க்கலாம். விற்பவர் இன்ஜினை முடுக்கிக் காட்டத் துடித்தார். அண்ணை பானெட் பக்கமே போகவில்லை. ஒரு பழைய பாயை விரித்துத் தரையில் படுத்து, டார்ச்சோடு அடியில் நுழைந்துவிட்டார். சிறிது நேரம் கழித்து என்னையும் கூப்பிட்டார். பக்கவாட்டு அலுமினியத் தகடு சட்டத்தோடு ரிவிட்டால் பிடிக்கப்பட்டிருக்கும். வெளியே தெரிகிற வரிசையில் ரிவிட்டுகள் நூல் பிடித்த மாதிரி, ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளி. அடியில், தரைத்தகட்டில், அந்த வரிசை ஆடிக்கொண்டே போனது. சில இடத்தில் துளை பெரிதாகி, ரிவிட் தலை தகட்டில் பாதிதான் உட்கார்ந்திருந்தது. ஓரிடத்தில் பிரேக் குழாய் பிடிப்பில்லாமல் தொங்கி, குழாயின் ஒரு பக்கம் சட்டத்தில் உரசிப் பளபளத்தது. டாஷ்போர்டுக்குக் கீழே ஒரே நிறத்து வயர்கள், ஒட்டுப்போட்ட இடமெல்லாம் கறுப்பு டேப்.

சட்டத்தில் பவுடர் கோட்டிங் மேலுக்கு அழகாக இருந்தது. அதுதான் ஏமாற்றும் என்றார் அண்ணை. கல் பட்டு எங்கேயாவது கீறினால் அந்த வழியே தண்ணீர் போய், மேல் தோல் அப்படியே இருக்க உள்ளே துரு ஓடும். விரல் நகத்தால் தட்டிக்கொண்டே போனார். பின் சஸ்பென்ஷன் கைகள் மாட்டியிருக்கும் மூலையில் சத்தம் மாறியது. அழுத்தினதும் ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது. எழுந்து கையைத் துடைத்தபடி என்னிடம் மட்டும் கேட்கும்படி சொன்னார்: “கண்ணுக்குத் தெரியிற இடத்தில ஒரு மனுசன், தெரியாத இடத்தில வேற மனுசன். வாரும், தேத்தண்ணி குடிப்பம்.”

அடுத்து வந்தது காகித விவகாரம். இதில் நம்மவர்களுக்குப் பயிற்சி உண்டு என்று நினைத்தேன், ஆனால் இங்கத்திய காகிதம் தனி ரகம். வி5சி என்பது நம் ஆர்.சி. புத்தகத்துக்கு இணை. அதில் வண்டியின் பெயர் என்ன என்று பார்க்க வேண்டும். கண் முன்னால் நிற்பது இரண்டு பேர் உட்காரும் திறந்த கார். புத்தகத்திலோ ‘ஃபோர்டு எஸ்கார்ட்’ என்றே இருக்கும். இன்ஜின் கொடுத்த பழைய காரின் அடையாளத்தையே சிலர் மாற்றாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். என்றைக்காவது அதிகாரிகள் கண்ணில் பட்டால் அந்தப் பதிவு செல்லாது என்று ஆகி, முதலிலிருந்து சோதனைக்குப் போக நேரும். 1998-லிருந்து தனி ஆள் கட்டும் காருக்கு எஸ்.வி.ஏ. என்று ஒரு சோதனை இருந்தது. 2009-ல் அதன் இடத்துக்கு ஐ.வி.ஏ. வந்தது. நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் முனைக்கெல்லாம் பிளாஸ்டிக் தொப்பி போடச் சொல்வார்கள், கூரான விளிம்பை மழுக்கச் சொல்வார்கள். தேறிய மறுநாளே தொப்பிகளைக் கழற்றிவிடுகிற பக்தர்களும் உண்டு. பாகங்களின் வயதையோ அடையாளத்தையோ நிரூபிக்க முடியாத வண்டிக்கு ‘க்யூ’ எழுத்தில் தொடங்கும் எண் பலகை. அதனால் வண்டி கெட்டது என்று அர்த்தமில்லை, ஆனால் திரும்ப விற்கும்போது விலை கொஞ்சம் இறங்கும்.

இன்ஜினைப் பற்றி ஆளுக்கொரு மதம். பழைய ஃபோர்டு கிராஸ்ஃப்ளோவுக்குக் கார்புரேட்டர் சரிசெய்யக் காது வேண்டும். ரோவர் கே சீரிஸ் எடை குறைவு, ஹெட் கேஸ்கெட்டுக்குப் பேர்போனது. ஃபோர்டு ஜீடெக் கொஞ்சம் கனம், ஆனால் பாகங்கள் எளிதில் கிடைக்கும். என்னை மயக்கியது மோட்டார்சைக்கிள் இன்ஜின் வைத்த வண்டிதான். பத்தாயிரம் சுற்றுக்கு மேல் போய் அலறும், மயிர்க்கூச்செறியும். அதில் உள்ள சிக்கலை அண்ணை ஒரு தேநீர்க் கோப்பையைச் சுற்றிக் காட்டியே விளக்கிவிட்டார். பைக் திருப்பத்தில் சாயும். அதனால் அடித்தொட்டியில் எண்ணெய் நடுவிலேயே நிற்கும். கார் சாயாது. திருப்பத்தில் எண்ணெய் முழுக்க ஒரு பக்கமாக ஏறிவிடும், பம்ப் காற்றை உறிஞ்சும், பேரிங் போய்விடும். தொட்டிக்குள் தடுப்பு வைத்துக் கட்டியிருக்கிறார்களா என்று கேட்காமல் அந்த வகையைத் தொடக்கூடாது. பைக் கியர்பாக்ஸில் ரிவர்ஸும் இல்லை, அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். சூப்பர்மார்க்கெட் வாசலில் காரை இறங்கித் தள்ளும் வயது எனக்குத் தாண்டிவிட்டது.

வாங்குகிறவர்கள் கடைசியில் செய்கிற, ஆனால் முதலில் செய்ய வேண்டிய வேலை உட்கார்ந்து பார்ப்பது. பெடல்கள் மூன்றும் மிக நெருங்கியிருக்கும். அகலமான ஷூ போட்டால் பிரேக்கை மிதிக்கையில் ஆக்ஸிலரேட்டரும் சேர்ந்து இறங்கும்; பலர் ஒடுங்கிய ஷூவோடுதான் ஓட்டுகிறார்கள். கேட்டர்ஹாமே 2000 வாக்கில் அகலமும் நீளமும் கூட்டி ஒரு சட்டம் கொண்டுவந்தது. என் வயிற்றுக்குப் பழைய சட்டத்தில் ஸ்டீயரிங்கோடு பேச்சுவார்த்தை நடத்த வேண்டியிருந்தது.

எனக்கு வாய்த்தது ஒரு வெஸ்ட்ஃபீல்டு. ஜீடெக் இன்ஜின், ஃபோர்டு சியராவின் ஐந்து கியர். கட்டியவரே விற்றார், பணி ஓய்வு பெற்ற கருவிப் பட்டறைக்காரர். பெயிண்ட் மங்கியிருந்தது. வண்டியைக் காட்டுவதற்கு முன் தடிமனான ஒரு கோப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். வெறும் சட்டம் நிற்பதிலிருந்து எண் பலகை மாட்டியது வரை புகைப்படம், ஒவ்வொரு பாகத்துக்கும் ரசீது, கையால் வரைந்த வயரிங் படம். ஒவ்வொரு வயருக்கும் நிறமும் எண்ணும். இறுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் மேலும் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு, தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். அண்ணை அடியில் நுழைந்தவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. குறை தேடுகிறார் என்று நினைத்தேன், ரசித்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் அங்கே இருக்க, பெரியவர் என்னை விசாரித்தார்: மழையில் நிறுத்துவாயா, கொட்டகை இருக்கிறதா, எண்ணெய் நீயே மாற்றுவாயா.

ஒரே ஒரு குறை அகப்பட்டது. டயர்களில் பட்டன் தேயவில்லை, ஆனால் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு தயாரித்த வாரம், பின் இரண்டு ஆண்டு. அதன்படி நான்கு டயருக்கும் பத்து வயது தாண்டியிருந்தது. வருஷத்துக்குக் கொஞ்ச தூரமே ஓடுகிற வண்டிகளில் இது சகஜம். டயர் தேயாது, ரப்பர் கெட்டியாகிவிடும். ஈர ரோட்டில் பின்பக்கம் சொல்லாமல் கொள்ளாமல் முன்னால் வரும்.

பெரியவர் தேநீர் போட உள்ளே போன நேரம் பார்த்து அண்ணை காதருகே வந்தார். “டயரைக் காட்டி விலையைக் குறையும். வேற ஒண்டுக்கும் வாய் திறக்கப்படாது. உப்பிடி வேலை செய்த மனுசனிட்டை அதுக்கு மேல பேரம் பேசிறது பாவம்.” நான்கு டயரின் விலையைக் குறைத்துக்கொண்டார் பெரியவர். மிச்சம் விழுந்த ரிவிட்டும் வாஷரும் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தது, அதையும் எடுத்து இருக்கைக்குப் பின்னால் செருகினார்.