70 வளைவு... ஒரு கிளட்ச் பிளேட்!

கொல்லிமலைக்குப் போயிருக்கீங்களா பாஸ்? கண்டிப்பா பைக்ல போயிருப்பீங்க. '35/70'னு எழுதின போர்டு பக்கத்துல நின்னு கூலிங் கிளாஸோட போட்டோவும் எடுத்திருப்பீங்க. நான் போன கதையே வேற. செகண்ட் ஹேண்ட் மாருதி 800, முன் சீட்ல அப்பா, பின் சீட்ல அம்மா, மூக்குல கருகின வாசனை!

அப்பா முப்பது வருஷம் லாரி டிரைவர். குஜராத், அசாம்னு இந்தியாவையே டயரால அளந்தவர். ஆனா, எங்க வீட்டு மொட்டை மாடியில நின்னா தெரியற கொல்லிமலைக்கு அம்மாவை ஒரு நாள்கூடக் கூட்டிட்டுப் போனதில்லை. 2021-ல் சர்க்கரை கண்ணைத் தொட்டதும் ஸ்டீயரிங்கை விட்டுட்டார். நான் வேலைக்குச் சேர்ந்ததும் போட்ட முதல் பிளானே, ரெண்டு பேரையும் சொந்த கார்ல அறப்பளீஸ்வரர் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறதுதான்.

2023 நவம்பர்ல வாங்கினேன். 2012 மாடல், விலை 62 ஆயிரம். அதுல 20 ஆயிரம் ரூம்மேட்டோடது. அவன் தங்கச்சி காலேஜ் ஃபீஸுக்கு வெச்சிருந்த பணம். 'ஜனவரிக்குள்ள தந்துடுடா மச்சி'ன்னுதான் கொடுத்தான். சர்ப்ரைஸா இருக்கட்டும்னு அப்பாகிட்ட மூச்சு விடலை. வீட்டுலயே ஒரு லாரி டிரைவரை வெச்சுக்கிட்டு, அவர்கிட்ட காட்டாம கார் வாங்கின ஒரே புத்திசாலி நானாத்தான் இருப்பேன்!

விற்றவர் ஓட்டிப் பார்க்கச் சொன்னது ரெண்டு கிலோமீட்டர். பூரா சமதளம். வண்டி வெண்ணெய் மாதிரி போச்சு. கியரை ரெண்டாவதுக்குத் தள்றப்ப மட்டும் 'கர்ர்'னு ஒரு சத்தம். "பழைய வண்டி தம்பி, அப்படித்தான் இருக்கும்"னார். நானும் தலையாட்டிட்டேன்.

டிசம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை காலைல கிளம்பினோம். நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டினா காரவள்ளி. அதுதான் அடிவாரம். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். எண்ணிக்கிட்டே ஏறலாம், ஒவ்வொண்ணுக்கும் நம்பர் உண்டு. அம்மா பின்னாலிருந்து சத்தமா எண்ண ஆரம்பிச்சாங்க.

பத்து வரைக்கும் பிரச்னை இல்லை. இருபதுல ஆக்சிலரேட்டரை மிதிச்சா இன்ஜின் மட்டும் 'உய்ங்'னு கத்துது, வண்டி ஆமை மாதிரி நகருது. முப்பதுல எனக்கு வேர்க்க ஆரம்பிச்சது. அப்பா ஒண்ணும் பேசலை. காதை மட்டும் லேசா சாய்ச்சு கேட்டுக்கிட்டே வந்தார். முப்பத்தெட்டாவது வளைவுல கருகின வாசனை. அம்மா எண்ணுறதை நிறுத்திட்டு, "கண்ணு, எங்கியோ அடுப்புல என்னமோ தீயுதாட்ட இருக்குது"ன்னாங்க.

"அடுப்பு இல்ல, கிளட்ச்சு. அகலமான இடமாப் பாத்து ஓரங்கட்டு சாமி"ன்னார் அப்பா.

இறங்கினதும் அவர் முதல்ல தேடினது ஸ்பேனரை இல்லை, கல்லை. ரெண்டு பின் சக்கரத்துக்கும் முட்டுக் கொடுத்துட்டுத்தான் என்னை பானெட்டைத் திறக்க விட்டார். அடுத்த ஒரு மணி நேரம் நடந்த கிளாஸ் எந்த காலேஜ்லயும் நடக்காது.

கிளட்ச் பிளேட்ங்கிறது இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவுல உட்கார்ந்திருக்கிற வட்டத் தட்டு. இன்ஜின்ல இருக்கிற ஃப்ளைவீல் மேல பிரஷர் பிளேட் அதை அமுக்கிப் பிடிச்சாத்தான் சுத்துற சக்தி கியர் பாக்ஸுக்குப் போகும். தட்டு தேய்ஞ்சா பிடிப்பு வழுக்கும். சமதளத்துல பாரம் குறைவு, அதனால தெரியாது. மலையில இன்ஜின் முழு பலத்தையும் கொடுக்கறப்ப குட்டு வெளிப்பட்டுடும். வழுக்க வழுக்கச் சூடு, சூடேற ஏற இன்னும் வழுக்கும்.

"பெடலைக் கையால அமுக்கிப் பாரு. முதல்ல கொஞ்சம் லூசா போகோணும். போகுதா?" போகலை. கேபிள் விறைப்பா இருந்தது. கிளட்ச் பாதி அமுங்கினபடியேதான் ஓடிக்கிட்டு இருந்திருக்கு. இன்ஜின் ஆறினதும், கியர் பாக்ஸ் பக்கம் கேபிள் முடியற இடத்துல இருக்கிற நட்டை அவர் சொல்லச் சொல்ல நான் தளர்த்தினேன். பெடல்ல கொஞ்சம் ஆட்டம் வந்தது.

"அப்ப போலாமாப்பா? இன்னும் 32 வளைவுதான்!"

"திருப்பு வண்டிய."

எனக்கு முகம் செத்துப்போச்சு. அம்மா பூஜைக் கூடையை மடியில வெச்சுக்கிட்டு, "சாமி அங்கியேதான் இருக்கும், வா கண்ணு"ன்னாங்க. அதுதான் இன்னும் வலிச்சது. இறங்கறப்ப கிளட்ச் மேல அவ்வளவு பாரம் வராதாம். ரெண்டாவது கியர்லயே, பிரேக்கை விட்டு விட்டு மிதிச்சு இறங்கச் சொன்னார். எதிர்ல ஏறி வந்த அரசு பஸ்ஸுக்கு ஒதுங்கி நின்னோம். மலையில ஏறுற வண்டிக்குத்தான் முதல் உரிமை, தெரியும்ல? இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரிக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. குதிரை வெச்சிருந்தார்!

நாமக்கல் லாரி ஊர். கார் தெரியாதவன்கூட இருப்பான், கிளட்ச் தெரியாதவன் இருக்க மாட்டான். அப்பாவோட பழைய சிநேகிதர் பட்டறையில மறுநாள் கியர் பாக்ஸை இறக்கினாங்க. பிளேட்டை எடுத்துக் காட்டினப்ப எனக்கே பாவமா இருந்தது. உராயற பகுதி மொத்தமும் தேய்ஞ்சு, ரிவெட் தலை தெரிஞ்சது. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தா ஃப்ளைவீல்ல கோடு விழுந்திருக்கும். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூணையும் சேர்த்தே மாத்தினார். ஒண்ணை மட்டும் மாத்தினா மறுபடி இறக்கணும், கூலி ரெண்டு மடங்கு. கூலியோட மொத்தம் 5,400 ரூபா. ரூம்மேட் கடன்ல அந்த மாசம் கொடுக்கிறதா சொன்ன தவணை அதோட போச்சு. போன் பண்ணிச் சொன்னேன். ரெண்டு செகண்ட் சத்தமே இல்லை. அப்புறம், "பிப்ரவரி ரெண்டாம் தேதி கடைசி நாள்டா. அதைத் தாண்டாதே"ன்னான்.

விற்றவருக்கும் போன் பண்ணினேன். "நீங்க எடுத்துட்டுப் போறப்ப நல்லாத்தானே தம்பி இருந்துச்சு?" கட்!

அந்த 'கர்ர்' சத்தம்? ரெண்டாவது கியரோட சின்க்ரோ தேய்மானம். சுத்துற வேகத்தைச் சமப்படுத்தி கியரை நைஸா உள்ளே விடற வளையம் அது. "கியர் பாக்ஸைப் பிரிச்சா கார் விலையில பாதி போயிரும். நிதானமாப் போடுங்க, ஓடும்"னார் மெக்கானிக். அப்பா அதுக்கும் வழி வெச்சிருந்தார். சின்க்ரோவே இல்லாத பழைய லாரி ஓட்டின காலத்து டபுள் கிளட்ச். மூணாவதுலருந்து ரெண்டாவதுக்கு இறங்கறப்ப, கிளட்ச் அமுக்கி நியூட்ரல், கிளட்சை விட்டு ஒரு சின்ன ரேஸ், மறுபடி அமுக்கி ரெண்டாவது. ஒரு வாரம் பைபாஸ்ல பழகினேன். சத்தம் போயே போச்சு!

கார் பார்க்கப் போறீங்களா? அப்ப இதைக் கேட்டுக்கோங்க. ஹேண்ட் பிரேக்கை இழுத்துட்டு, எதிர்ல ஆளில்லாத இடத்துல மூணாவது கியர் போட்டு, லேசா ரேஸ் கொடுத்து கிளட்சை மெதுவா விடுங்க. இன்ஜின் உடனே ஆஃப் ஆகணும். ஆகாம உறுமிக்கிட்டே நின்னா பிளேட் காலி. ஒரு தடவை போதும், திரும்பத் திரும்பச் செஞ்சா இருக்கிற பிளேட்டையும் நீங்களே எரிச்சுடுவீங்க. காலைல இன்ஜின் சூடாகாதப்ப எல்லா கியரையும் ரிவர்ஸ் உட்பட போட்டுப் பாருங்க. பக்கத்துல ஒரு மேம்பாலமாவது ஏறிப் பாருங்க. வண்டி நின்ன இடத்துல எண்ணெய்க் கறை இருக்கான்னு குனிஞ்சு பார்க்க வெட்கப்படாதீங்க. படிவம் 29, 30-ல் விற்றவர் கையெழுத்து வாங்காம பணத்தை எண்ணாதீங்க.

ஜனவரி ரெண்டாவது வாரம் மறுபடி காரவள்ளி. முப்பத்தெட்டாவது வளைவுல நாங்க வெச்ச கல்லு ஓரமா அப்படியே கிடந்தது. அம்மா அங்கிருந்துதான் எண்ணிக்கையை விட்ட இடத்துல தொடர்ந்தாங்க. அறுபதுக்கு மேல காத்து சில்லுனு மாறுது, மரமெல்லாம் மிளகுக்கொடி சுத்தி நிக்குது. எழுபது! மேல சோளக்காட்டுல அன்னாசியும் மலை வாழையும் குவிச்சு வெச்சிருந்தாங்க. செம்மேட்டுல ஓரி சிலையைப் பார்த்துட்டு கோயிலுக்குப் போனோம். பக்கத்துலயே ஆகாய கங்கை அருவி. ஆயிரத்துக்கும் மேல படி. அப்பா முட்டியால இறங்க முடியாது. மூணு பேரும் மேலேயே உட்கார்ந்து அருவிச் சத்தத்தை மட்டும் கேட்டோம்.

பெருமையா கேட்டேன், "எப்படிப்பா ஓட்டினேன்?"

"ஓட்டறதெல்லாம் சரி. நேர் ரோட்லயும் இடது கால கிளட்ச்சு மேலயே வெச்சுக்கிட்டு வந்தியே. பழைய பிளேட்டு எப்படித் தேய்ஞ்சுதுன்னு நெனைக்கற? பாதி வித்தவன், பாதி நீ!"

இறங்கறப்ப எழுபது வளைவும் என் முகத்தைப் பார்க்கலை அவர். என் இடது காலையே பார்த்துக்கிட்டு வந்தார்.