இரும்புத் தூசியும் என் அவசரத் தீர்ப்பும்

சில வருஷங்களுக்கு முன்னாடி ஜார்க்கண்ட் பக்கம் வேலை. ஒரு லீவு நாள்ல சாரண்டா காட்டுக்குள்ள போனோம். எழுநூறு மலைகள்னு அந்தப் பேருக்கு அர்த்தம் சொல்றாங்க. எங்கே பார்த்தாலும் சால் மரம். ஆனா இரும்புத்தாது லாரி ஓடுற ரோட்டோரம் மட்டும் மரமெல்லாம் துருப்பிடிச்ச மாதிரி நின்னுச்சு. ஒரு இலையை விரலால தேய்ச்சேன். விரல் சிவப்பு, இலையில ஒரு பச்சைக் கோடு. அந்தக் கோடு மனசுலயே நின்னுபோச்சு.

இது வானத்துலேர்ந்து தெரியுமா? லேண்ட்சாட் படங்கள் 2008லேர்ந்து இலவசம். நம்மளை மாதிரி கத்துக்குட்டிக்கு வேற என்ன வேணும் :-)

விஷயம் சிம்பிள். நல்ல இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பை நிறைய திருப்பி அனுப்பும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால வகுத்தா வர்றதுதான் என்.டி.வி.ஐ. தூசி படிஞ்சா சிவப்பு கூடும், அகச்சிவப்பு குறையும், எண் இறங்கும்.

நவம்பர் படம் ஒண்ணு, மார்ச் படம் ஒண்ணு எடுத்து கழிச்சுப் பார்த்தேன். காடு மொத்தமும் பழுப்பு! 'தூசி காட்டையே தின்னுடுச்சு'ன்னு, அன்னிக்கு எங்களைக் கூட்டிட்டுப் போன டிரைவருக்குப் பெருமையா அனுப்பினேன். அவர் ஊரே அந்தக் காட்டோரம்தான்.

போன் வந்துச்சு. "சார், மார்ச்ல சால் இலை உதிர்க்கும். ரோடே இல்லாத மலையும் உங்க படத்துல காஞ்சு கிடக்குதே? நாளைக்கு ஊர்க்கூட்டத்துல காட்டலாம்னு இருந்தேன். சுரங்கக்காரங்க ஒரே கேள்வியில கிழிச்சிருப்பாங்க. அப்புறம் நிஜத் தூசியைச் சொன்னாலும் எவன் நம்புவான்?"

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை.

மறுபடி உட்கார்ந்தேன். அக்டோபர் கடைசி, மழை கழுவிவிட்ட காடு. ஜனவரி, தூசி ஏறின காடு. இரண்டு மாசத்துலயும் இலை மரத்துலதான் இருக்கு. லேண்ட்சாட்ல ஒரு புள்ளி 30 மீட்டர், ரோட்டு மண்ணும் மரமும் கலந்துடும். அதனால ரோடு விழுற புள்ளிகளைத் தூக்கிட்டேன். சென்டினல்-2 படம் 2015லேர்ந்து இருக்கு, அதுல புள்ளி 10 மீட்டர், அதையும் சேர்த்துக்கிட்டேன். ரோட்டோரம் எவ்வளவு இறங்குது, லாரியே போகாத மலையில எவ்வளவு இறங்குதுன்னு பல வருஷத்துக்கு ஒப்பிட்டேன்.

இந்தத் தடவை காடு முழுக்கப் பழுப்பு இல்லை. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒல்லியா ஒரு பட்டை, அவ்வளவுதான். ஆனா வருஷா வருஷம் அதே இடத்துல.

அனுப்பினேன். "சின்னதாத்தான் இருக்கு சார். ஆனா இது நிக்கும்"னார்.

டிஸ்கி: படம் எண்ணு இறங்கினதைத்தான் சொல்லும். ஏன் இறங்குச்சுன்னு தெரியணும்னா யாராவது போய் இலையைத் தேய்ச்சுப் பார்க்கணும்.