நார்ஃபோக் உழவு மண்ணில் ஒரு முள்வாங்கி

நார்விச், இங்கிலாந்து



நார்ஃபோக்கின் உழவு நிலங்களில் கிடைக்கும் ஆங்கிலோ-சாக்சன் காலத்துப் பொருள்களில் மனத்துக்கு மிக நெருக்கமானவை, உடம்பைப் பேணிக்கொள்ள உதவிய சிறு கருவிகள்: முள்வாங்கி, குறும்பிவாங்கி, நகக்கண் அழுக்கெடுக்கும் கம்பி. இவற்றை ஒரே வளையத்தில் கொத்தாகக் கோத்து உடம்போடு வைத்துக்கொண்டார்கள். நம் ஊரில் அரைஞாணில் தொங்கும் இத்தகைய கொத்தை அறிந்த கண்ணுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. அங்கிருந்து கடல் கடந்து வந்தவருக்கு வீட்டு நினைவைக் கிளப்ப அது ஒன்றே போதும்.

முள்வாங்கி என்பது ஒரே வெண்கலப் பட்டையை நடுவில் மடக்கியது. மடிப்பில் விடப்பட்ட சிறு துளையில் வளையம் நுழையும். இரு கரங்களும் கீழே வர வர அகன்று, நுனியில் உள்நோக்கி மடிந்து, ஒன்றையொன்று தொடும். கரத்தின் மேல் வட்டமும் அதன் நடுவே புள்ளியுமாக வரிசையாகப் பொறித்தவை உண்டு. விளிம்போரம் கோடு மட்டும் இழுத்தவையும் உண்டு. பலவும் சுண்டுவிரல் நீளமே இருக்கும். பச்சைக் களிம்பு ஏறி, கலப்பை பட்டு ஒரு கரம் ஒடிந்தவை ஏராளம். முள்ளும் முடியும் பிடுங்கும் கருவிக்கு இத்தனை அலங்காரம் எதற்கு? நாளும் கைபடும் பொருள் அழகாக இருக்க வேண்டும் என்ற ஆசை எல்லா ஊருக்கும் பொதுவானது.

அந்த ஆசை சாவோடும் முடியவில்லை. நார்ஃபோக்கின் ஸ்பாங் ஹில் ஈமக்காட்டில், 1972 முதல் 1981 வரை நடந்த அகழாய்வில், எரியூட்டிய 2,000-க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் கிடைத்தன. 5, 6-ஆம் நூற்றாண்டுத் தாழிகள் சிலவற்றில் சாம்பலோடு குட்டி முள்வாங்கி, குட்டிக் கத்தரி, சவரக்கத்தி, சீப்பு ஆகியவை இருந்தன. பல, கையில் பிடித்து வேலை செய்ய முடியாத அளவு சிறியவை. எரிந்துபோன முடிக்கும் உடம்புக்கும் ஈடாக உறவினர் வைத்தவை போலவே அவை தோன்றுகின்றன.

உழவு நிலங்களில் இவற்றைத் தேட உதவும் மெட்டல் டிடெக்டர் இந்தக் கதையில் பாதியைத்தான் சொல்லும். கொம்பிலும் எலும்பிலும் செய்த சீப்புக்கு அது ஒலிக்காது. ஆணிக் குப்பையைத் தவிர்க்க இரும்பு ஒலியை அடக்கிவைத்துத் தேடுவோர் இரும்பு முள்வாங்கியையும் தவறவிடுகிறார்கள். எஞ்சுவது வெண்கலமும் வெள்ளியும்.

இங்கிலாந்தில், 1996-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 300 ஆண்டுக்கு மேல் பழமையானதும் எடையில் 10 விழுக்காடாவது பொன்னோ வெள்ளியோ உள்ளதுமான பொருளை 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். தனியாகக் கிடைக்கும் வெண்கல முள்வாங்கி பொதுவாக அதில் அடங்காது. கண்டெடுத்தவர் தாமாகக் கொண்டுவந்து காட்டினால்தான் உண்டு. அப்படி வருபவற்றைப் பதிவதற்காகவே 1997-இல் ‘போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம்’ என்ற திட்டம் தொடங்கியது. இன்று 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அதில் பதிவாகியுள்ளன.

பதிவில் மிக முக்கியமானது கிடைத்த இடம். ஒரே வயலில் முள்வாங்கியும் உடையூசியும் உருகிய வெண்கலமும் சேர்ந்து கிடைத்தால், கீழே ஓர் ஈமக்காடு இருக்கலாம் என்று அறிய முடியும். இடம் குறிக்காமல் விற்றுவிட்டால் அதே முள்வாங்கி வெறும் பழைய வெண்கலம். நில உரிமையாளரின் அனுமதியோடு உழவு மண்ணிலிருந்து எடுப்பது பொதுவாகக் குற்றமல்ல. எடுத்த இடத்தை மறைப்பதே ஈடுசெய்ய முடியாத இழப்பு.