'வேணும்' என்ற ஒரு சொல்

ஞாயிறு பூசையில் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது வாய் தானாக ஓடிவிடும், மனம் வேறு எங்கேயோ இருக்கும். முன் பெஞ்சுக்காரர் செல்போனை அணைத்தாரா இல்லையா என்பதில்கூட இருக்கும். அந்தப் பிரமாணத்தில் வருகிற முக்கியமான சொல்லுக்கு ஒரு சின்ன வரலாறு உண்டு. நடந்தது நம்ம முத்துக்குளித்துறையில்தான். அதைப் படித்ததிலிருந்து அந்தச் சொல் வரும் இடத்தில் எனக்குக் கொஞ்சம் தடுக்கிறது.

1542-இல் சவேரியார் இந்தக் கடற்கரைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழும் போர்ச்சுகீசியமும் தெரிந்த சிலரை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உட்கார்ந்து செபங்களையும் பத்துக் கட்டளைகளையும் தமிழாக்கினார். பிறகு தானே அவற்றை மனப்பாடம் செய்து ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தார். சிறுவர்களைத் தினமும் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுப்பார். அவர்கள் வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கும் பக்கத்து வீட்டுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். (ஊர் முழுக்கச் செய்தி பரப்ப சின்னப் பையன்களைவிட நல்ல வழி அன்றைக்கும் இல்லை போலிருக்கிறது!)

1544-இல் தன்னோடு பணி செய்த பிரான்சிஸ்கோ மான்சில்யாஸுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் அவர் ஒரு திருத்தம் சொல்கிறார். விசுவாசப் பிரமாணத்தில் 'வேணும்' என்று சொல்லிவருகிறோம், இனி அதை மாற்றி விசுவாசம் என்ற சொல்லைப் போடுங்கள், ஏனென்றால் 'வேணும்' என்றால் ஆசைப்படுகிறேன் என்றுதான் அர்த்தம் என்கிறார். அதாவது அதுவரை நம் முன்னோர்கள் "கடவுளை விசுவசிக்கிறேன்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "கடவுள் வேணும்" என்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. யோசித்துப் பார்த்தால், மொழிபெயர்த்தவர் தெரியாமலே உண்மையைச் சொல்லிவிட்டாரோ என்று தோன்றுகிறது.

1530-களில் இங்கே என்ன நடந்தது? முத்துக்குளிப்பு உரிமை தொடர்பாகப் பரதவர்களுக்கும் முஸ்லிம் வணிகர்களுக்கும் கடுமையான மோதல். ஆதரவு தேட வேண்டிய நிலை. ஜோவான் த குரூஸ் என்ற குதிரை வியாபாரியின் யோசனைப்படி ஊர்த்தலைவர்கள் கொச்சிக்குப் போய் போர்ச்சுகீசியரைப் பார்த்தார்கள். 1535 முதல் 1537 வரை சுமார் 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்கிறார்கள். போர்ச்சுகீசியரின் கப்பல்கள் காவலுக்கு வந்தன. பி.காம். மாணவன் கண்ணால் பார்த்தால் இது அப்படியே 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப் பாடம்தான். முன்மொழிவு, ஏற்பு, மறுபயன் எல்லாம் இருக்கிறது. பாதுகாப்பு வேணும், முத்து வேணும், கடல் வேணும். அன்றைக்கு அவர்கள் 'வேணும்' என்று சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே!

"உங்க ஆளுங்க லாபத்துக்காக மாறினவங்கதானே" என்று கல்லூரியில் ஒரு நண்பன் கேட்டான். சண்டைக்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். எனக்கு அன்றைக்குப் பதில் வரவில்லை. அவன் சொன்னது சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. அந்த லாபம் இல்லாமல் போன நாளில் என்ன ஆயிற்று?

அந்த நாள் 1658-இல் வந்தது. தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போனது. அவர்கள் புராட்டஸ்டண்டுகள். கத்தோலிக்கக் குருக்கள் ஊரைவிட்டு வெளியேறி உள்நாட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. கடலுக்குக் காவலும் முத்து வியாபாரத்தில் செல்வாக்கும் இப்போது டச்சுக்காரரிடம். 'வேணும்' மட்டும்தான் காரணம் என்றால் அன்றைக்கே எஜமானோடு சேர்ந்து மதமும் மாறியிருக்க வேண்டும். பிலிப்பு பால்டேயஸ் என்ற டச்சுப் போதகர் முயன்றும் பார்த்தார். பரதவர்கள் அசையவில்லை. 1713-இல், டச்சுக்காரர் இங்கே இருக்கும்போதே, பனிமய மாதாவுக்குப் புதிய கோயில் எழும்பிவிட்டது. ஆகஸ்ட் 5 திருவிழாவுக்குக் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டே நாம் உள்ளே போகிறோமே, அந்தக் கோயில்தான்.

இதில் ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. ஒரே சாதி, ஒரே தலைவர், ஒரே மாதா என்ற கட்டுக்கோப்பும் அவர்களைப் பிடித்து வைத்தது. விசுவாசம் மட்டுமே காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் விசுவாசம் இல்லவே இல்லை என்று சொல்லவும் முடியாது. குரு இல்லாத ஊரில் ஒரு மதம் உயிரோடு இருக்க வேண்டுமானால் அது வீட்டுக்குள் இருந்தாக வேண்டும், பெண்களின் வாயில் இருந்தாக வேண்டும், பிள்ளைகளுக்கு மனப்பாடமாக இருந்தாக வேண்டும்.

அந்த நூற்றிருபது வருடத்தில் என்ன நடந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகத் தெரிகிறது. பெரிய அற்புதம் ஒன்றும் இல்லை, தினசரி வேலைதான். சவேரியார் இங்கே இருந்தது கொஞ்ச காலம். அதற்குப் பிறகு வந்த அன்றிக் அடிகளார் 1600-இல் இறக்கும்வரை ஐம்பது வருடத்துக்கும் மேல் இந்த மக்களோடு இருந்தார். தமிழைக் கற்றுத் தமிழிலேயே எழுதினார். புன்னைக்காயலில் மருத்துவமனை ஏற்படுத்தினார். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவருடையதுதான். வெறும் 16 பக்கம்! இந்தியாவில் இந்திய மொழி எழுத்தில் அச்சான முதல் புத்தகம் என்று பொது அறிவுக் கேள்வியில் படித்திருப்பீர்கள். அந்தப் புத்தகம் நம்ம ஊர் மீனவர்கள் செபம் கற்றுக்கொள்வதற்காகப் போடப்பட்டது என்பதைத்தான் யாரும் கேள்வியாகக் கேட்பதில்லை.

1580-இல் பாவசங்கீர்த்தனத்துக்கு வழிகாட்டும் ஒரு நூலும் அவர் பெயரில் வந்தது. அதில்தான் என் பாடமும் என் மதமும் சந்தித்துக்கொண்டன. குருவிடம் போவதற்கு முன் உன்னை நீயே ஆராய்ந்து பார் என்பதுதான் அப்படிப்பட்ட நூல்களின் வேலை. வெளித்தணிக்கைக்கு முன்னால் உள்தணிக்கை என்று எங்கள் பேராசிரியர் வகுப்பில் சொல்வது ஞாபகம் வந்தது.

அன்றிக் அடிகளார் யேசு சபைக்காரர். அந்தச் சபையை ஆரம்பித்த இஞ்ஞாசியார் தன்னுடைய 'ஞானப் பயிற்சிகள்' நூலில் ஒரு முறை சொல்லியிருக்கிறார். அப்படியே கணக்குப் புத்தகம்தான். உன்னிடம் இருக்கிற குறைகளில் ஒரே ஒன்றை எடுத்துக்கொள். காலையில் எழுந்ததும் அதை நினைத்துக்கொள். ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கோடு போடு. மதியம் சாப்பிட்ட பிறகு அதுவரை எத்தனை தடவை விழுந்தாய் என்று முதல் கோட்டில் அத்தனை புள்ளி வை. இரவில் இரண்டாவது கோட்டில் வை. பிறகு மதியத்தையும் இரவையும், நேற்றையும் இன்றையும், போன வாரத்தையும் இந்த வாரத்தையும் ஒப்பிட்டுப் பார். 1500-களில் எழுதினது இது!

ஞான வளர்ச்சி, ஆழமான விசுவாசம் என்று பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம் அது தியான மையத்தில் கண்ணீர் விடுபவர்களுக்கு மட்டும் உள்ள சமாச்சாரம் என்று எனக்குத் தோன்றும். எனக்குக் கண்ணீர் அவ்வளவு சீக்கிரம் வராது. ஆனால் கோடு போட்டுப் புள்ளி வைக்க வரும்.

சரி, 'வேணும்' தப்பா? அப்படிச் சொல்ல எனக்கு மனசு வராது. தேர்வுக்கு முந்தின நாள் மாதா கோயிலில் பாருங்கள், பாதி எங்கள் கல்லூரிதான் நிற்கும். துறைமுகத்தில் ஒரு வேலை, வெளிநாட்டு விசா, தங்கச்சிக்குக் கல்யாணம்... மெழுகுதிரி ஒவ்வொன்றும் ஒரு விண்ணப்பம். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகு வேலையை நம்பி இருக்கிற வீட்டில் அந்த நாட்களில் 'வேணும்' என்று செபிக்காமல் வேறு எப்படிச் செபிப்பார்கள்? ஆண்டவர் கற்றுக்கொடுத்த செபத்திலேயே சாப்பாடு கேட்கத்தானே செய்கிறோம்? ஆனால் அங்கே சாப்பாடு நாலாவதாகத்தான் வருகிறது. முதலில் அவர் பெயர், பிறகு அவர் அரசு, பிறகு அவர் விருப்பம், அதற்கப்புறம்தான் சோறு. இந்த வரிசையை எத்தனையோ ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன், இந்த வருடம்தான் எண்ணிப் பார்த்தேன்.

எங்கள் வீட்டில் இரவு ஏழரைக்குச் செபமாலை. ஆச்சிதான் ஆரம்பிப்பாள். நான் பிறப்பதற்கு முன்பே ஒரு ஐப்பசி மாதத்தில் வள்ளத்தில் போன தாத்தா திரும்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அந்த வாரம் முழுக்க வீட்டில் இடைவிடாமல் செபமாலை சொன்னார்களாம். கேட்டது கிடைக்கவில்லை. ஆனாலும் அடுத்த வாரமும் ஆச்சி சொன்னாள், இன்றைக்கும் சொல்கிறாள். நண்பன் கேட்ட கேள்வி மனசில் இருந்ததால் ஒருநாள் கேட்டே விட்டேன்.

"ஆச்சி, அன்னைக்கு அவ்வளவு கேட்டும் கிடைக்கலையே. அப்புறமும் எதுக்கு?"

கோபப்படுவாள் என்று நினைத்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். "ஏலே, கேக்கிறதுக்கு மட்டுமா பேசுவாக? ஒங்க தாத்தாட்ட நான் என்னத்தக் கேட்டேன்? தெனமும் பேசிக்கிட்டுத்தான இருந்தேன்."

மான்சில்யாஸுக்குச் சவேரியார் எழுதினது ஆச்சிக்குத் தெரியாது. படித்தது மூன்றாவது வகுப்பு. 'வேணும்' என்ற சொல்லிலிருந்து மற்றச் சொல்லுக்கு அவள் எந்த வருடம் மாறினாள் என்று அவளுக்கே தெரியுமோ என்னவோ. ஆனால் 1658-இல் குருக்கள் போன பிறகு இந்தக் கரையில் யார் செபத்தைப் பிடித்துக்கொண்டிருந்திருப்பார்கள் என்று யோசித்தால், எனக்கு வெங்காயம் உரிக்கிற கைதான் தெரிகிறது.

நண்பனுக்கு இதையெல்லாம் சொன்னேன். டச்சுக்காரர் கதை வரை ஒத்துக்கொண்டான். ஆச்சி கதைக்கு ஒன்றும் சொல்லவில்லை, "உங்க ஆச்சியப் பாக்கணும்" என்றான்.

தபசு காலம் தொடங்கினபோது நானும் ஒரு நோட்டில் கோடு போட ஆரம்பித்தேன். எந்தக் குறையை எடுத்தேன் என்பது எனக்கும் கடவுளுக்கும் இடையில் இருக்கட்டும். முதல் வாரம் புள்ளிகள் வைக்க இடம் பத்தவில்லை. இரண்டாவது வாரம் குறைந்தது. மூன்றாவது வாரம் திரும்ப ஏறிவிட்டது, பங்குச்சந்தை மாதிரி. ஒரு விஷயம் மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது, மதியக் கோட்டைவிட இரவுக் கோட்டில்தான் எப்போதும் புள்ளி அதிகம். களைப்பாக இருக்கும்போது நான் வேறு ஆளாகிவிடுகிறேன் போல. இதை எந்தப் பிரசங்கமும் எனக்குச் சொல்லியிருக்க முடியாது. அதனால் ஏழரைச் செபமாலைக்கு முன்னால் பத்து நிமிடம் மொட்டைமாடியில் சும்மா உட்காருகிறேன். எதையும் கேட்பதில்லை. துறைமுகப் பக்கம் விளக்குகள் எரிய ஆரம்பிக்கும், காற்று வரும், அவ்வளவுதான்.

ஒருநாள் அந்த நோட்டு மேஜைமேல் திறந்து கிடந்தது. ஆச்சி கண்ணாடியைச் சரி செய்துகொண்டு கோடுகளையும் புள்ளிகளையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது என்னலே, காலேஜ்ல குடுத்த கணக்கா?"

"ஆமா ஆச்சி" என்றேன்.