அம்மாவின் விரிப்பு

நுழையும்முன்

மனிதர் தம் வாழ்நாளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைப் படுக்கையில் கழிக்கின்றனர். உடுத்தும் உடைக்காகக் கடை கடையாக ஏறி இறங்கும் நாம், இரவு முழுவதும் உடலோடு ஒட்டிக் கிடக்கும் விரிப்பைக் கண்ணுக்குப் பிடித்த நிறத்தில் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். நோயுற்ற தாய்க்கு விரிப்பு வாங்கப் போன ஒருவர், துணியைப் பற்றியும் தம்மைப் பற்றியும் கற்றுக்கொண்டதைக் கூறுகிறது இக்கட்டுரை.

அம்மா வாசற்படியில் வழுக்கி விழுந்தது ஒரு பங்குனி மாதக் காலைப்பொழுதில். தொடையெலும்பு முறிந்திருந்தது. எட்டு வாரம் காலை ஊன்றக் கூடாது என்று மருத்துவர் கூறிவிட்டார். ஈரோட்டு வெயிலில், ஓட்டு வீட்டின் நடு அறையில், ஓயாமல் உழைத்துப் பழகிய அந்த உடல் கட்டிலோடு கட்டுண்டது.

அம்மாவை மருத்துவமனையிலிருந்து அழைத்து வருவதற்கு முதல்நாள், புதிய மெத்தையும் விரிப்பும் வாங்க நகரத்துக் கடை ஒன்றுக்குச் சென்றேன். "சுவர் என்ன நிறம் சார்?" என்று விற்பனையாளர் கேட்டார். இளநீலம் என்றேன். சுவரின் நிறத்துக்கு ஏற்ற, பளபளப்பான விரிப்பு ஒன்றை விரித்துக் காட்டினார். கை வைத்தால் வழுக்கியது. உறைமீது 1000 என்னும் எண் பெரிதாக அச்சிடப்பட்டிருந்தது. எண் பெரிதானால் துணியும் உயர்ந்தது என்றார் அவர். நலம் விசாரிக்க உறவினர் பலர் வருவார்கள்; அம்மாவை நன்றாக வைத்திருக்கிறேன் என்பது அவர்கள் கண்ணில் பட வேண்டும் என்று என் மனம் கணக்கிட்டது. வாங்கிவிட்டேன்.

வந்தவர்கள் அனைவரும் விரிப்பைப் புகழ்ந்தார்கள். அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

முதுகு சொன்ன செய்தி

நான்காம் நாள், கட்டு மாற்ற வந்த செவிலியர் அம்மாவை மெல்லப் புரட்டிப் பார்த்தார். முதுகு முழுவதும் வேர்க்குரு. இடுப்புக்குக் கீழே தோல் சிவந்திருந்தது. விரிப்பைத் தொட்டுப் பார்த்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணா, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். அதோடு முதுகில் ஈரம் தங்கவே கூடாது. அழுத்தமும் ஈரமும் சேர்ந்தால் படுக்கைப்புண் வந்துவிடும். இந்தத் துணி வேர்வையை உறிஞ்சவில்லை. முதலில் இதை எடுத்துவிடுங்கள்."

அப்போதுதான் அம்மா வாய் திறந்தார்.

"ஏஞ்சாமி, இது என்னமோ தோலு மேல பாலிதீன் காகிதத்தப் போட்டாப்பல இருக்குது. பெட்டியில கட்டம் போட்ட பழைய போர்வை கெடக்கும் பாரு, அதைய எடுத்து விரிச்சுடு."

"நாலு நாளாக ஏன் அம்மா சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"ஆசையா வாங்கியாந்த. எப்படிச் சொல்லறது?"

அந்த மறுமொழி என்னை விட்டு இன்றும் நீங்கவில்லை. வருவோர் கண்ணுக்காக நான் வாங்கிய துணியை, என் மனம் நோகக் கூடாது என்பதற்காக அம்மா நான்கு நாள் முதுகில் தாங்கியிருந்தார்.

பெட்டியின் அடியிலிருந்து அந்தப் போர்வையை எடுத்தேன். சென்னிமலைக் கைத்தறிப் போர்வை. நீலமும் வெள்ளையுமான கட்டங்கள் வெளுத்திருந்தன. எத்தனையோ முறை துவைக்கப்பட்டு, அதன் நூல்கள் பஞ்சுபோல் இளகியிருந்தன. அதை விரித்துப் படுக்க வைத்ததும் அம்மா நீளமாய் ஒரு மூச்சு விட்டார். அன்று இரவுதான் மருத்துவமனையிலிருந்து வந்தபின் முதன்முறையாக அயர்ந்து உறங்கினார்.

நீக்கிய விரிப்பின் உறையை அன்றிரவு விளக்கருகே வைத்துப் படித்தேன். 'பருத்தி போன்ற மென்மை' என்று மேலே பெரிய எழுத்திலும், 'பாலியெஸ்டர்' என்று கீழே சிற்றெழுத்திலும் அச்சிட்டிருந்தார்கள். 'போன்ற' என்னும் உவம உருபைக் கடையில் நான் கவனிக்கவே இல்லை.

நூலின் இயல்பு

பருத்தி இழை நீரை விரும்பும் தன்மையுடையது. இயல்பான காற்று ஈரத்தில், உலர்ந்த பருத்தி நூறு கிராம் ஏறத்தாழ எட்டு கிராம் ஈரத்தைத் தன்னுள் ஏற்றுக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை கிராமைக்கூட ஏற்பதில்லை. ஆகவே பருத்தி விரிப்பு வேர்வையை வாங்கிக் காற்றில் விடுகிறது. செயற்கை இழை விரிப்பில் அவ்வேர்வை தோலுக்கும் துணிக்கும் இடையிலேயே தேங்குகிறது. குளிர்நாட்டில் இவ்வேறுபாடு பெரிதாகத் தெரியாமல் போகலாம். புழுக்கம் மிகுந்த நம் நிலத்தில் அது உறக்கத்தையே கெடுத்துவிடும்.

தமிழர் பருத்தியை நெடுங்காலமாக அறிந்தவர்கள். தறியிலிருந்து அறுத்து எடுக்கப்படுவதால் துணிக்கு 'அறுவை' என்று பெயரிட்டார்கள். துணி விற்ற வணிகர் ஒருவர் சங்கப் புலவராகவும் திகழ்ந்தார். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்பது அவர் பெயர். படுக்கையைக் குறிக்கச் சேக்கை, அமளி, பள்ளி என்று பல சொற்கள் நம் மொழியில் வழங்கின.

சென்னிமலையில் ஒரு பகல்

பழைய போர்வை ஒன்று மட்டும் போதாது. மாற்றி மாற்றி விரிக்க இன்னும் இரண்டாவது வேண்டும். அடுத்த ஞாயிறன்று பேருந்தேறிச் சென்னிமலைக்குச் சென்றேன். முருகன் கோயில் கொண்ட மலையின் அடிவாரத்து ஊர் அது. கொடி காத்த குமரன் 1904இல் பிறந்ததும் அவ்வூரில்தான். தெருவுக்குள் நுழைந்ததும் தறிகளின் ஓசை கேட்டது. எழுபது வயதைக் கடந்த நெசவாளர் ஒருவர் தறியை நிறுத்திவிட்டு வரவேற்றார்.

"வாங்க தம்பி. விரிப்பு யாருக்குங்க?"

நகரத்துக் கடையில் சுவரைப் பற்றிக் கேட்டார்கள். இவர் படுப்பவரைப் பற்றிக் கேட்டார். அம்மாவின் நிலையைக் கூறினேன். உறையில் கண்ட 1000 என்னும் எண்ணைப் பற்றியும் கேட்டேன். அவர் சிரித்தார்.

"ஒரு அங்குலச் சதுரத்துல பாவு நூல் எத்தனை, ஊடை நூல் எத்தனைன்னு எண்ணிக் கூட்டுறதுதானுங்க அந்தக் கணக்கு. அதுக்கும் ஒரு எல்லை இருக்குதுங்க. நாலு புரியை முறுக்கி ஒரே இழையாக்கிட்டு, அதையே நாலுன்னு எண்ணினா எரநூத்தி அம்பது ஆயிரமாயிடும். எண்ணிக்கை ஏறுனா துணி நெருக்கமாகும். நெருக்கம் அதிகமானா காத்து எப்படிப் புகும்?"

நூலின் பருமனைக் குறிக்கும் எண்ணையும் அவர் விளக்கினார். அந்த எண் கூடக் கூட நூல் மெலியும். மிக மெல்லிய நூலில் நெய்த துணி கைக்கு இதமாக இருந்தாலும் அடிக்கடி துவைப்பதைத் தாங்காது. நோயாளியின் விரிப்பை அடிக்கடி துவைக்க வேண்டியிருப்பதால் நடுத்தர நூலே ஏற்றது. ஒரு நூல் மேலும் ஒரு நூல் கீழுமாகச் செல்லும் சாதா நெசவு காற்றோட்டம் தரும். நீண்ட நாள் உழைக்கும். நூல்கள் தாண்டித் தாண்டிச் செல்லும் சாட்டின் நெசவு வழவழப்பாக மின்னும். ஆனால் வெப்பத்தைக் கூடுதலாகத் தேக்கும். நகம் பட்டால் இழை எழும்பும்.

"கண்ணுல பாத்து எடுக்காதீங்க தம்பி. கன்னத்துல வெச்சுப் பாருங்க. அம்மா முதுகுக்கு எப்படி இருக்கும்னு கன்னம் சொல்லிப்போடும்" என்றார்.

இரண்டு விரிப்புகளை எடுத்தேன். புதிய துணி சற்று மொரமொரப்பாக இருந்தது. பாவு நூல் அறாமலிருக்கப் போடும் கஞ்சிதான் அதற்குக் காரணம் என்றும், சில முறை துவைத்தால் இளகிவிடும் என்றும் கூறினார். விடைபெறும்போது அருகிலிருந்த மற்றொரு தறியைக் கண்டேன். அதில் பாவு பூட்டப்படவில்லை, தூசி படிந்திருந்தது. "பையன் நெஞ்ச தறிங்க. இப்ப அவன் கம்பெனி வேலைக்குப் போறான்" என்றார். பிறகு மிதிபலகையில் கால் வைத்தார். நாடா மீண்டும் ஓடத் தொடங்கியது.

தெரிந்து தெளிவோம்

பாவு: தறியில் நீளவாக்கில் செல்லும் நூல். ஊடை: குறுக்குவாக்கில் செல்லும் நூல். நாடா: ஊடை நூலைக் கொண்டு செல்லும் கருவி.

தமிழ்நாட்டில் சென்னிமலை போர்வைக்கும், பவானி ஜமக்காளத்துக்கும், கரூர் வீட்டு உபயோகத் துணிகளுக்கும் பெயர் பெற்றவை. கூட்டுறவு முறையில் கைத்தறித் துணிகளை விற்கும் கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் 1935இல் தொடங்கப்பட்டது. 1985ஆம் ஆண்டின் சட்டப்படி, சில வகைப் படுக்கை விரிப்புகளும் ஜமக்காளமும் கைத்தறிக்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளன. 2015 முதல் ஆகஸ்டு 7ஆம் நாள் தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடப்படுகிறது.

எளிய பராமரிப்பு

அந்த எட்டு வாரங்களும் துவைக்கும் வேலை என்னுடையதாயிற்று. பருத்தியைப் பேணுவது கடினம் என்று எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் தவறென்று விரைவிலேயே உணர்ந்தேன்.

புதிய விரிப்பைப் பயன்படுத்துமுன் ஒருமுறை தனியாகத் துவைக்க வேண்டும். ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேய்த்துப் பார்த்தால் சாயம் போகுமா என்பது தெரிந்துவிடும். பருத்தி முதல் துவைப்பில் சற்றுச் சுருங்கும். ஆதலால் மெத்தையின் அளவுக்குச் சரியாக வாங்காமல், நான்கு புறமும் மடித்துச் செருகும் அளவுக்குக் கூடுதலாக வாங்குவது நன்று. விரிப்பு இறுக்கமாக இருந்தால் சுருக்கம் விழாது. படுத்திருப்பவர் தோலில் சுருக்கம் உறுத்துவதும் புண்ணுக்கு வழிவகுக்கும்.

நனைந்த பருத்தி நூல், உலர்ந்த நூலைவிட வலிமை மிக்கது. கல்லில் அடித்துத் துவைத்தாலும் பருத்தித் துணி பல்லாண்டு உழைப்பதற்கு இப்பண்பும் ஒரு காரணம். கறை பட்டால் வெந்நீரையும் அது தாங்கும். துணியை மென்மையாக்கும் திரவங்கள் இழையின்மேல் படலமாகப் படிந்து உறிஞ்சும் திறனைக் குறைப்பதால் அவற்றைத் தவிர்த்தேன். ஈரத்துடன் இரு முனைகளையும் இழுத்து உதறி, உட்புறம் வெளியே தெரியுமாறு கொடியில் உலர்த்தினேன். நிறமும் மங்கவில்லை, இஸ்திரியும் தேவைப்படவில்லை. ஒன்று கட்டிலில், ஒன்று கொடியில், ஒன்று பெட்டியில் என மூன்று விரிப்புகள் போதுமானவையாக இருந்தன.

மடித்த விரிப்பு

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்தோம். சிவந்த தோல் மெல்ல மெல்ல இயல்பு நிலைக்குத் திரும்பியது. அதைச் செய்தது துணி மட்டுமன்று. செவிலியரின் கண்ணும் என் மனைவியின் கையும் இருந்தன. எனினும் துணி அவற்றுக்குத் துணைநின்றது. முதலில் நான் வாங்கியதோ எதிராக நின்றது.

ஒன்பதாம் வாரம் அம்மா கைத்தடியுடன் எழுந்து நின்றார். மறுநாள் காலை கொடியிலிருந்து விரிப்பை எடுத்து நான் தனியே மடித்துக் கொண்டிருந்தேன். மூலைகள் சேரவில்லை. திண்ணையில் அமர்ந்திருந்த அம்மா கையை நீட்டினார்.

"இங்க ஒரு முனையைக் குடு."

ஒரு முனையை அவர் பிடித்தார். மறுமுனையை நான் பிடித்தேன். உதறியபோது வெயில் மணம் எழுந்தது. அம்மா அத்துணியைக் கன்னத்தில் ஒருகணம் வைத்துப் பார்த்தார். "இது நல்லாருக்குது சாமி" என்றார்.

அன்று முதல் எவருக்காக எதை வாங்கினாலும், அப்பெரியவர் கேட்ட கேள்வியை முதலில் எனக்குள் கேட்டுக்கொள்கிறேன்: யாருக்கு?

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் உள்ள இரண்டு விரிப்புகளைத் தொட்டுப் பார்த்தும், உறையில் உள்ள செய்திகளைப் படித்தும் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக.

2. உங்கள் பகுதியில் வழங்கும் நெசவுத் தொழில் சொற்களைத் திரட்டிப் பொருளுடன் பட்டியலிடுக.

3. "ஆசையா வாங்கியாந்த. எப்படிச் சொல்லறது?" இக்கூற்றில் வெளிப்படும் தாயின் மனநிலையை வகுப்பில் கலந்துரையாடுக.