கிளார்க் என்னும் பெயர்

எங்கள் தோட்டக் காரியாலயத்திலிருந்து, இயந்திர உறுப்புகள் விற்கும் கம்பெனி ஒன்றுக்குச் சென்ற ஆண்டு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். அடியில் என் கையொப்பத்தை இட்டு, அதன்கீழ் 'கிளார்க்' என்று உத்தியோகத்தையும் குறித்திருந்தேன். வந்த பதில், "அன்புள்ள திரு. கிளார்க் அவர்களுக்கு" என்று தொடங்கிற்று. உத்தியோகத்தைக் குடும்பப் பெயரென்று கொண்டுவிட்டனர் போலும்! பெரிய கிராணியார் வாய்விட்டு நகைத்தார். சில நாள்வரை எனக்கு 'வெள்ளைக்காரர்' என்னும் பட்டமும் நிலைத்தது.

நகைப்பு அடங்கியபின் எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. ஆங்கிலேயருள் கிளார்க் என்னும் பெயருடையார் எண்ணிறந்தோர். அவர்தம் முன்னோரும் என்னைப் போன்ற கிராணிகள்தாமா? ஆங்கிலத்திலேயே கல்வி பயின்றவன் என்று பெருமை பேசும் எனக்கு இது தெரியாதிருந்தது வெட்கத்தைத் தந்தது. நூல்களைத் தேடிப் படித்தேன். படித்ததை அன்பர்களுக்குச் சொல்லுவேன். அதனூடே என்னைப்பற்றியும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

1066-ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றுமுன், அந்நாட்டுப் பொதுமக்களிடம் பரம்பரையாக வரும் குடும்பப் பெயர் வழக்கில் இல்லை. ஓர் ஊரில் ஜான்கள் பலர் இருப்பின், கொல்லன் ஜான், தையற்கார ஜான் என்று அடைமொழி கூட்டி அழைத்தனர். நாளடைவில் அவ்வடைமொழி மகனுக்கும் பேரனுக்கும் ஒட்டிக்கொண்டது. 1400-ஆம் ஆண்டளவில் பெரும்பாலான ஆங்கிலக் குடும்பங்களுக்கு நிலையான பெயர் அமைந்துவிட்டது. கொல்லன் வழியினர் ஸ்மித் ஆயினர். தையற்காரன் வழியினர் டெய்லர் ஆயினர். எழுத்தறிந்தவன் வழியினர் கிளார்க் ஆயினர்.

இப்பெயரின் வேர் கிரேக்க மொழியில் உள்ளது. 'கிளேரோஸ்' என்றால் சீட்டு. சீட்டுப் போட்டுப் பெற்ற பங்கு என்றும் பொருள்படும். அதிலிருந்து இலத்தீனில் 'கிளெரிக்குஸ்' என்னும் சொல் பிறந்து, சமயத் தொண்டுக்கு உரியவனைக் குறித்தது. அக்காலத்தில் கல்வி பெரும்பாலும் மடங்களிலும் மாதாகோயில்களிலுமே அடைபட்டுக் கிடந்தமையால், சமயத் தொண்டன் என்பதும் எழுத்தறிந்தவன் என்பதும் ஒரு பொருட்சொற்களாயின. குருமார் மணம் செய்துகொள்ளலாகாதே, பெயர் பிள்ளைகளுக்கு வந்தது எங்ஙனம் என்று கேட்கலாம். அவ்விலக்கு உயர்நிலைக் குருமார்க்கே. கீழ்நிலைத் தொண்டர்கள் மணம் புரிந்தனர். கணக்கும் கடிதமும் பத்திரமும் எழுதிப் பிழைத்தனர். கிளார்க் குடும்பங்கள் பல இவர்கள் வழிவந்தவையே.

முதலில் 'கிளெர்க்' என்றிருந்த ஒலி, இங்கிலாந்தில் பின்னர்க் 'கிளார்க்' என மாறிற்று. குடும்பப் பெயர் ஒலிக்கேற்ப எழுத்தையும் மாற்றிக்கொண்டது. உத்தியோகப் பெயரோ பழைய எழுத்தை விடவில்லை. ஆகவே அந்நாட்டில் இரண்டும் செவிக்கு ஒன்றே. அமெரிக்கர்மட்டும் உத்தியோகத்தைக் 'கிளெர்க்' என்றே ஒலிப்பர்.

இதுகாறும் சொன்னது பெயரின் வரலாறு. அப்பெயருக்குப் பின்னால் ஒரு சலுகை இருந்தது. அதுவே என்னைத் திடுக்கிட வைத்தது. சமயத் தொண்டன் கொடுங்குற்றம் செய்தாலும் அரசனுடைய நீதிமன்றம் அவனைத் தூக்கிலிடலாகாது என்பது பழைய இங்கிலாந்தின் சட்டம். ஒருவன் தொண்டனா அல்லனா என்று அறிவது எப்படி? படிக்கச் சொன்னார்கள். பெரும்பாலும் 51-ஆம் சங்கீதத்தின் தொடக்கத்தைக் கொடுப்பர். படித்தவன் பிழைத்தான், படியாதவன் தூக்கில் தொங்கினான். 1489-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குருப்பட்டம் பெறாதவர்க்கு ஒருமுறை மட்டுமே இச்சலுகை. மறுமுறை வராதிருக்கப் பெருவிரலில் சூடிட்டனர். நாடகப் புலவர் பென் ஜான்சன் 1598-இல் ஒருவரைக் கொன்று, இவ்வாறு பெருவிரற் சூட்டோடு உயிர் தப்பினார். படிக்கச் சொல்லிச் சோதிக்கும் முறை 1706-இலும், சலுகை முழுவதும் 1827-இலும் ஒழிந்தன. ஒரே குற்றம், எழுத்தறிந்தவனுக்கு விரலிற் சூடு, அறியாதவனுக்குக் கழுத்திற் கயிறு! இதனை நீதி என்று எத்தனை நூற்றாண்டு நம்பியிருந்தனர்!

பெருவிரல் என்று படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். ஏன்? சில ஆண்டுகளுக்கு முன், சம்பள நாளன்று, பால்மரம் வெட்டி ஓய்ந்த பாட்டி ஒருத்தி ஒரு காகிதத்தோடு என் மேசையருகே வந்து நின்றாள். "இதில் என்ன எழுதியிருக்கிறது, ஐயா?" என்றாள். எனக்கு வேலை நெருக்கடி. "வழக்கமான காகிதந்தான், கைநாட்டு வை பாட்டி" என்று மைப்பெட்டியை நகர்த்தினேன். வைத்தாள். அது மூன்று மாதத்தில் லயத்து வீட்டைக் காலி செய்ய இசையும் காகிதம். பின்னர் அறிந்து ஓடினேன். ஒன்றும் செய்ய இயலவில்லை. அவள் என்னை ஏசியிருந்தால் ஆறுதலாயிருக்கும். "நீங்கள் படித்தவர், சொன்னால் சரியாய்த்தான் இருக்கும் என்று வைத்தேன், ஐயா" என்றாள். அவ்வளவே.

இப்பெயர் பூண்ட இருவரை இங்கு நினைக்கிறேன். அமெரிக்காவின் தென்பகுதியில், வாக்காளராகப் பதிய வேண்டுமானால் எழுத்தறிவுச் சோதனையில் தேற வேண்டுமென்று சொல்லிக் கறுப்பின மக்களைத் தடுத்துவந்தனர். செப்டிமா கிளார்க் என்பவர் 1898-இல் பிறந்த கறுப்பின ஆசிரியை. அவர் தந்தை அடிமையாய்ப் பிறந்தவர். தென் கரோலைனாவின் ஜான்ஸ் தீவில் 1957-இல் தொடங்கிய குடியுரிமைப் பள்ளியை அமைக்கத் துணைநின்று, முதியோர் தம் பெயரைத் தாமே எழுத வழிசெய்தார். மற்றொருவர் ஜிம் கிளார்க். அலபாமாவில் செல்மா நகர் அடங்கிய வட்டாரத்தின் ஷெரிப். பதிய வந்த கறுப்பின மக்களை 1965-இல் தடிகொண்டு அடக்கியவர். அவ்வாண்டே வந்த வாக்குரிமைச் சட்டம் அச்சோதனை முறையை வீழ்த்திற்று. இருவர்க்கும் பெயர் ஒன்றே. 'எழுத்தறிந்தவன்' என்பதே பொருள். ஒருவர் எழுத்தைக் கதவாகத் திறந்தார். மற்றவர் அதனைத் தாழ்ப்பாளாகக் காத்து நின்றார்.

தோழர்களே, நம்மிடையே நாலெழுத்துப் படித்தோர் பலர் உள்ளோம். கிராணி, ஆசிரியர், கடைக் கணக்கர் என்று பட்டம் எதுவாயினும், நாம் இவ்விருவரில் யார் என்று ஒருநாளேனும் கேட்டுக்கொள்ள வேண்டும். இப்போது என் மேசைக்கு வரும் எந்தக் காகிதத்தையும் முதலிலிருந்து முடிவுவரை உரக்கப் படித்துப் பொருள் சொன்னபிறகே மைப்பெட்டியை எடுக்கிறேன். நேரம் ஆகிறது, துரைக்கு அது பிடிப்பதில்லை. ஆயினும் அந்தக் கம்பெனியார் எனக்கு இட்ட பெயருக்கு இனியேனும் உரியவனாக வேண்டாவா?